நாற்பது வினாடி

வெஸ்ட்மீட், சிட்னி
11 மார்ச் 1996

மார்கரெட்டுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்தேன். ஏழு வருடமாகப் பேசாத ஒருவன் எடுத்த எடுப்பில் அன்புள்ள என்றால் நீயே சிரிப்பாய்.

போன சனிக்கிழமை இங்கே ஒரு கல்யாணம். நம்மோடு படித்த வரதராஜன் மெல்பர்னிலிருந்து வந்திருந்தான். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எல்லார் காதிலும் விழும்படி, "என்னா குணா, உங்க பேண்டு புதுசா ரெக்கார்டு போடுதாமே? உன் இடத்துல யாரோ மெட்ராஸ்காரன் வாசிக்கிறானாம்லா. பிச்சு உதறுறானாம்" என்றான். கையிலிருந்த அப்பளம் தூளாகிவிட்டது. என் பெண்டாட்டி அஞ்சலை மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். எழுந்து கை கழுவப் போனேன்.

உங்க பேண்டு என்கிறான். 1983-இல் மலேசியாவிலிருந்து மெல்பர்ன் கிளேட்டனில் படிக்க வந்தபோது நாம் மூன்று பேர் தொடங்கிய 'செம்மண்' அல்லவா அது? கிள்ளானிலிருந்து வந்த நான், ஈப்போவிலிருந்து வந்த நீயும் ஆரோக்கியசாமியும். அமெரிக்கத் தென்மாநிலத்து ராக்கைத் தமிழில் பாடுகிற கூட்டம் உலகத்திலேயே நாம்தான் என்று நம்பித் திரிந்தோம். ஆரோக்கியசாமி டிரம்ஸும் பித்தளைத் தட்டும். பாட்டு நீ. கிட்டார் நாம் இரண்டு பேரும். ஒரே மெட்டை ஒரு கிட்டார் மேலேயும் இன்னொன்று கீழேயும் வைத்துக்கொண்டு ஜோடியாக ஓடுவதுதானே அந்த இசைக்கு உயிர்? மேல் வரி என்னுடையது, கீழ் வரி உன்னுடையது. மூன்று ரெக்கார்டு அப்படிப் போட்டோம். நாலாவதில் என் வரியை எவனோ வாசிக்கிறான் என்பதை அப்பளத்தோடு தெரிந்துகொள்கிறேன்.

நேராகவே கேட்கிறேன். 'கேரித் தீவு' பாட்டைத் திரும்பவும் போடப் போகிறீர்களா? அது நான் போட்ட மெட்டு. அதை அவன் தொட்டானா?

போன் செய்யாதே. போனில் நாம் இரண்டு நிமிடம் தாண்டினால் கத்திக்கொள்வோம். கடிதம் எழுது.

குணசீலன்


நோபிள் பார்க், மெல்பர்ன்
24 மார்ச் 1996

அன்புள்ள குணாவுக்கு,

பார், நான் அடிக்கவில்லை.

உன் கடிதத்தைச் சாமியிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். (வீட்டில் இன்னும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறேன். கல்யாணத்துக்கு அப்புறமும் மாறவில்லை.) "வயித்தெரிச்சலுக்கு ஸ்டாம்பு ஒட்டி அனுப்பியிருக்கான்" என்றார்.

உன் இடம், உன் இடம் என்கிறாயே, அதை யார் காலி செய்தது? 1989-இல் ஃபுட்ஸ்கிரே பப்பில் பாதிப் பாட்டில் சாமியைப் பார்த்துத் திரும்பினாய். "தட்டத் தட்டுறியா, இல்ல என் மண்டையத் தட்டுறியா? கொறைடா" என்று மைக் முன்னாலேயே கத்தினாய். அவர் குறைக்கவில்லை. கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போனவன் போனவன்தான். அடுத்த வாரம் சிட்னியில் வேலை கிடைத்துவிட்டது என்று ஒரு வரி. ஆறு வருடம் அதே சத்தத்தில் நின்று வாசித்தவனுக்கு அன்றைக்கு மட்டும் ஏன் பொறுக்கவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த மெட்ராஸ்காரனின் பெயர் பாஸ்கர். இருபத்தெட்டு வயது, கம்ப்யூட்டர் வேலை, புதிதாகக் கல்யாணமானவன். வெரிபீயிலிருந்து கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு ரயில் மாறி ஒவ்வொரு ஞாயிறும் வருகிறான். நம்முடைய 87-ஆம் வருட கேசட் எப்படியோ அவன் மாமா கைக்குப் போய், அங்கிருந்து இவன் கைக்கு வந்திருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் கிட்டாரே கற்றுக்கொண்டானாம். 'கேரித் தீவு' நடுவில் நீ தனியாக வாசிக்கிற நாற்பது வினாடி இருக்கிறதே, அதை அப்படியே வாசிக்கிறான். உன் விரல் வழுக்கி ஒரு தப்புச் சுரம் விழுமே, அதையும் சேர்த்து. "அது தப்பா மேடம்? நான் இத்தன நாளா அதுதான் ஸ்டைல்னு நெனச்சேன்" என்றான். நானும் சாமியும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது.

விரலில் மாட்டிக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பாயே, நீ விட்டுப்போன அந்தக் கீச்சாப் போத்தல் கழுத்தை அவனுக்குக் கொடுத்தேன். சும்மாதானே கிடந்தது.

மே மாதம் ஸ்டூடியோ. நீ வா. நான் கூப்பிடுகிறேன், சாமியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் வா என்று அர்த்தம், உனக்குத் தெரியும். வர முடியாவிட்டால் இன்னொரு வழியும் இருக்கிறது. 87-இல் பதிந்த பெரிய டேப் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதில் உன் கிட்டார் தனியாகப் பதிவாகியிருக்கிறது. அதை மட்டும் எடுத்து, அதற்குத் தகுந்தபடி சாமி புதிதாக டிரம்ஸ் வாசித்தால் சேர்த்துவிடலாம் என்கிறார் ஸ்டூடியோக்காரர். எது வேண்டும், சொல்.

மார்கரெட்


வெஸ்ட்மீட்
9 ஏப்ரல் 1996

மார்கரெட்,

போத்தல் கழுத்தைக் கொடுத்தாயா?

கிள்ளானில் என் அம்மா குசினியிலிருந்து, சோயா சாஸ் தீர்ந்ததும் எடுத்துவந்த கீச்சாப் போத்தல் அது. சூடான கம்பி கட்டிக் கழுத்தை அறுத்து, விளிம்பைச் சிமெண்டுத் தரையில் இரண்டு நாள் தேய்த்து, சுண்டுவிரலில் மாட்டிக் கம்பிமேல் வழுக்கவிட்டபோது நீதான் சொன்னாய், "அழுவுற மாதிரியே இருக்குடா" என்று. கடையில் எத்தனையோ கண்ணாடிக் குழாய் வாங்கிப் பார்த்தேன், எதிலும் அந்த அழுகை வரவில்லை. அதைப் போய்ச் சும்மா கிடந்தது என்று எழுதுகிறாய்.

எனக்கு எரிகிறது. சொல்ல வெட்கம் இல்லை. என் தப்பைக்கூட ஒருவன் திருடிக்கொண்டு போய் ஸ்டைல் என்கிறான், நீங்கள் உட்கார்ந்து சிரிக்கிறீர்கள். என்னோடு அப்படி எப்போது சிரித்தீர்கள்? அவன் மேடையில் எந்தப் பக்கம் நிற்கிறான்? பாட்டு முடியும்போது சாமி அவனைப் பார்த்துத் தலையாட்டுகிறானா? எனக்கு ஆட்டுவானே, தாடையை மட்டும் தூக்கி, அந்த மாதிரியா? அஞ்சலை நேற்று, "சக்களத்தி வந்த மாதிரில்ல மூஞ்சிய வச்சிருக்கீங்க" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

என்னால் வர முடியாது. வேலையில் லீவு இல்லை. வேறு காரணமும் உண்டு, அதை எழுத மாட்டேன்.

டேப்பை எடுத்துக்கொள். ஆனால் ஏதோ பழைய ஆளுக்குப் பிச்சை போடுகிற மாதிரி, கேட்டும் கேட்காமலும் ஓர் ஓரத்தில் வைக்காதே. வைத்தால் முழுசாக வை. இல்லாவிட்டால் வைக்காதே. எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று மட்டும் நினைத்துவிடாதே.

குணா


நோபிள் பார்க்
2 ஜூலை 1996

அன்புள்ள குணா,

உன் கேள்விகளுக்கு அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்தேன். எழுதினால் என்னைப் பற்றியும் ஒரு விஷயம் எழுத வேண்டியிருந்தது, அதற்கு மனம் வரவில்லை. பதிலெல்லாம் இந்தக் கேசட்டில் இருக்கிறது. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீயே கேள்.

ஒன்பது பாட்டு. ரெக்கார்டுக்குப் பெயர் 'இன்னும் இருக்கோம்'. சாமி வைத்த பெயர். கடைசிப் பாட்டு 'கேரித் தீவு'.

மெட்டு உன்னுடையது என்பதால் உன் சம்மதம் எழுத்தில் வேண்டும். பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் சிடி அடிக்கக் கொடுக்கிறோம். அதற்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ எழுதி அனுப்பிவிடு. வேண்டாம் என்றால் எடுத்துவிடுவேன். உன்னோடு மல்லுக்கு நிற்க எனக்கு இனித் தெம்பு இல்லை.

ஆகஸ்ட் 17 சனிக்கிழமை டாண்டினாங் மண்டபத்தில் வெளியீடு. உனக்கும் அஞ்சலைக்கும் நாற்காலி போட்டிருக்கும்.

மார்கரெட்


வெஸ்ட்மீட்
9 ஜூலை 1996

மார்கரெட்,

கேட்டேன். மூன்று தடவை கேட்டேன்.

வீட்டில் எல்லார் முன்னாலும் போட மனம் வரவில்லை. மகளுடைய வாக்மேனை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்து மாட்டினேன். முதல் எட்டுப் பாட்டும் ஓட்டமாக ஓட்டிவிட்டேன். நேரே ஒன்பதாவது.

இரண்டு கிட்டார் ஜோடியாக ஓட வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கிட்டார். அதுவும் கீழ் வரி மட்டும். மேல் வரியே இல்லை. ஒற்றைக் காலில் நொண்டுகிற மாதிரி என் பாட்டு நொண்டிக்கொண்டு போகிறது. வாசிப்பது நீ இல்லை என்பது இரண்டு சுரத்தில் தெரிந்துவிட்டது. அவன்தான். நன்றாகத்தான் வாசிக்கிறான், அதுதான் இன்னும் எரிகிறது.

அப்புறம் நடுவில் அந்த நாற்பது வினாடி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமில்லை. சாமியின் டிரம்ஸ் மட்டும் தனியாக நடக்கிறது. என்னை எடுத்துவிட்டு அவனை வைத்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறாய். இங்கே ஒருவன் இருந்தான், இப்போது இல்லை என்று ஊருக்குக் காட்டுவதற்கா? செத்தவன் வீட்டில்கூட ஒரு விளக்காவது ஏற்றி வைப்பார்கள்.

பதிலெல்லாம் கேசட்டில் இருக்கிறது என்று எழுதினாயே, இருக்கிறது. ஸ்ட்ராத்ஃபீல்டில் இறங்கிப் பிளாட்ஃபாரத்தில் நின்று இன்னொரு தடவை கேட்டேன். வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

என் மெட்டை எடுத்துவிடு. எனக்குச் சம்மதம் இல்லை. இதை எழுத்தில் கொடுக்கிறேன். பாஸ்கரை வைத்துப் புது மெட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். நாற்காலியும் வேண்டாம்.

குணசீலன்


நோபிள் பார்க்
14 ஜூலை 1996, ஞாயிறு

குணா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. படித்தேன். சாமியிடம் கொடுத்தேன். "எடுத்துரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு எட்டுப் பாட்டோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். சாயங்காலமே அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இனி ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

கொடுத்துவிட்டு வந்து அழுதேன். அப்புறம் உன்மேல் கோபம் கோபமாக வந்தது. திட்டி எழுத உட்கார்ந்தேன். திட்டுவதற்காகத்தான் உன் கடிதத்தை நாலாவது தடவையாகப் படித்தேன். அப்போதுதான் அந்த வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. டிரம்ஸ் மட்டும் தனியாக நடக்கிறது என்று எழுதியிருக்கிறாய்.

குணா, அந்த நாற்பது வினாடியில் நீ இருக்கிறாய். 87-ஆம் வருடத்து நீ. உன் மேல் வரி பாட்டு முழுவதும் இருக்கிறது. ஓரத்தில் இல்லை, எல்லாவற்றையும்விடச் சத்தமாக இருக்கிறது. உன் வாசிப்புக்குத் தோதாகச் சாமி பதினொரு தடவை டிரம்ஸ் வாசித்தார். தப்புச் சுரம் வருகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் தாடையைத் தூக்கினார், நீ எதிரே நிற்கிற மாதிரி. ஹாலில் போட்டுக் கேட்டேன். இருக்கிறாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேசட்டு கெட்டிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஹெட்போனை மாட்டி, சும்மா ஒரு பக்கத்தைக் கையால் பொத்தினேன். இடப்பக்கத்தை.

நீ எழுதியது எழுதியபடி கேட்டது. நொண்டுகிற பாட்டு, தனியாக நடக்கிற டிரம்ஸ்.

குணா இடப்பக்கம், மார்கரெட் வலப்பக்கம். மேடையிலும் அப்படி, ரெக்கார்டிலும் அப்படி; ஹெட்போனில் உன் கிட்டார் இடது காதில் மட்டும்தான் விழும். முதல் கேசட்டிலிருந்து நீ போட்ட சட்டம் அது. மேடையில், எதிரே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு இடது ஓரம் உனக்கு, நடுவில் இருந்த சாமி உன் இடது கைப்பக்கம். சாமியின் பெரிய தட்டு உன் இடது காதுக்கு ஒன்றரை முழத்தில். ஆறு வருடம். 'என் மண்டையத் தட்டுறியா' என்று நீ கத்தியது இப்போதுதான் எனக்குக் கேட்கிறது. சாமியிடம் சொன்னேன். கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டார், கூப்பிட்டாலும் வரவில்லை.

எத்தனை வருடமாக இப்படி? ஏன் சொல்லவில்லை? சொன்னால் உன் கிரீடம் இறங்கிவிடுமா?

சரி, நான் மட்டும் யோக்கியமா? நானும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக என் இடது கையில் மூன்று விரல் மரத்துப்போய்விட்டது. ஆபரேஷன் செய்தும் சரியாகவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கினால் நழுவுகிறது, இதில் கம்பியை எங்கே அழுத்துவது? பாஸ்கர் உன் இடத்துக்கு வரவில்லை. என் இடத்துக்கு வந்தான். கீழ் வரிக்கு. மேடையில் வலப்பக்கம் நிற்கிறான், நான் நின்ற இடத்தில். நீ மட்டும்தான் எரிந்தாயா? ஒவ்வொரு ஞாயிறும் அவன் என் வரியை வாசிக்கும்போது நான் குசினிக்குள் போய் வேண்டாத பாத்திரத்தையெல்லாம் கழுவிக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொன்னால் நீ பாவம் பார்ப்பாய் என்று சொல்லவில்லை. உன் பொறாமையைத் தாங்கிவிடலாம், உன் பரிதாபம் எனக்கு வேண்டாம்.

நாம் மூன்று பேரும் ஒன்றாக இருக்கிற ஒரே புதுப் பதிவு அதுதான். நாங்களே சிடியிலிருந்து எடுத்துவிட்டோம். நீ எழுதினாய், நாங்கள் எடுத்தோம். ஸ்டூடியோவில் ஒரு பிரதி இருக்கும். ஊர் கேட்கப்போகிற ரெக்கார்டில் நீ இல்லை.

ஹெட்போனைத் திருப்பி மாட்டு, மடையா.

மார்கரெட்


வெஸ்ட்மீட்
21 ஜூலை 1996

அன்புள்ள மார்கரெட், அன்புள்ள சாமி,

வியாழக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை அதே ரயிலில், ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரக் கிழவர், "யூ காட் இட் ராங் வே ரவுண்ட், மேட்" என்றார், இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கிறேனாம். தலையாட்டி வைத்தேன்.

கேட்டது. முதலிலிருந்து கடைசிவரை கேட்டது. நாற்பது வினாடி வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். இருபத்தேழு வயதில் இப்படியா வாசித்தேன்? இதற்கு முன்னால் பாஸ்கர்மேல் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த இருபத்தேழு வயதுக்காரன்மேல் வந்ததுதான் பொறாமை. இரண்டு காதும் கேட்கிற பயல், நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் எவ்வளவு திமிராக வாசிக்கிறான்!

காது விஷயம் சொல்கிறேன். 89-லேயே மந்தமாகத் தொடங்கிவிட்டது. அன்றைக்கு மேடையில் உன் குரலே எனக்குக் கேட்கவில்லை, தட்டுச் சத்தமும் ஓர் இரைச்சலும்தான். பயந்துபோய்த்தான் கத்தினேன். டாக்டரிடம் போனால் பெயர் வைத்துவிடுவார் என்று போகவில்லை. கொஞ்சம் மந்தம், கொஞ்சம் மந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏழு வருடம் ஓட்டினேன். கூட்டத்தில் ஆட்களை வலப்பக்கம் உட்காரவைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். ஸ்டூடியோவுக்கு வராததற்கும் அதுதான் காரணம். ஹெட்போன் மாட்டி வாசிக்கச் சொல்வீர்கள், மாட்டிக்கொள்வேன். நேற்று ஒருவழியாக டாக்டரிடம் போனேன். இடதில் மிச்சம் ஒன்றும் இல்லையாம்.

கேசட்டைக் கேட்டபோது கொஞ்சம் நிதானித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். சட்டம் போட்டவன் நான்தானே? என் காதைச் சந்தேகப்படுவதைவிட உன்னைச் சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது. என்னை யாரும் அழிக்கவில்லை, நானே எழுத்தில் கொடுத்து அழித்தேன். இதைத் தாங்கிக்கொள்ள எனக்கு இன்னும் தெரியவில்லை. அஞ்சலை இரண்டு நாளாக என்னைத் திட்டக்கூட இல்லை, அதிலிருந்தே பார்த்துக்கொள்.

சாமி, இதை மார்கரெட் உரக்கப் படிப்பாள், அதனால் உனக்கும் சேர்த்து எழுதுகிறேன். தட்டை நீதான் தட்டினாய். இடத்தை விட்டு நகராமல் நின்றவன் நான். கொல்லைப்புறத்திலிருந்து உள்ளே வா.

மார்கரெட், உன் விரலைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. பரிதாபம் வேண்டாம் என்றாய். தரவில்லை.

இப்போது கேள். ஆகஸ்ட் 17-க்கு வருகிறேன். நாற்காலி அஞ்சலைக்கு மட்டும் போடு. சிடியில் இல்லாவிட்டால் போகட்டும், 'கேரித் தீவு' மேடையில் இருக்கட்டும். நான் இந்தத் தடவை வலப்பக்கம் நிற்கிறேன். அங்கே நின்றால்தான் சாமியும் நீயும் என் நல்ல காதுப் பக்கம் வருவீர்கள். அங்கே நிற்கிறவன் வாசிக்க வேண்டியது உன் கீழ் வரி. அதை நான் வாசிக்கிறேன். மூன்று நாளாக அந்தக் கேசட்டைப் போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன். நேராக மாட்டினால் பாஸ்கரின் கீழ் வரி மட்டும் எனக்குச் சுத்தமாகக் கேட்கிறது, படிப்பதற்கு அதைவிட வசதி உண்டா? உன்னை மாதிரியேதான் வாசித்திருக்கிறான். அதற்கும் கொஞ்சம் எரிகிறது. உனக்காக எரிகிறது என்று வைத்துக்கொள்.

மேல் வரியைப் பாஸ்கரிடம் கொடு. இடப்பக்கத்தையும் கொடு. அந்த நாற்பது வினாடியையும் அவனே வாசிக்கட்டும். போத்தல் கழுத்தை அவனே வைத்துக்கொள்ளட்டும், திரும்பக் கேட்க மாட்டேன். சாமி அவனைப் பார்த்துத் தாடையைத் தூக்கினாலும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

ஒன்றே ஒன்று மட்டும் அவனிடம் சொல்லிவிடு. தப்புச் சுரம் வருகிற இடத்தில் அவன் கையை எடுத்துவிட வேண்டும். அதை நான் வாசிப்பேன்.

குணா